இரண்டு பட்டியலும் ஒரு சிவப்புப் பென்சிலும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுவேன், எண் தெரியும். அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் நிறுத்தி, "மாமா, எங்கியோ போய்க்கினே கீறீங்க" என்கிறாள். போனால் என்ன? திரும்பி வர வழி தெரியாதவனா நான்? முப்பது வருஷம் பூமிக்கடியில் போய்த் திரும்பி வந்தவன்.

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு வளையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இருபத்திரண்டு படி. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற ஆபீஸ். ஏழு பேர் வேலை செய்கிறார்கள், நான் எட்டாவது ஆள். கதவைத் திறப்பேன், பெருக்குவேன், தண்ணீர் கேனை மேலே ஏற்றுவேன், நாயர் கடையிலிருந்து டீ வாங்கி வருவேன். அதற்கு முன்னால் மைசூர் மைன்ஸ் என்கிற தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை இறங்காமல் மரத்தை நிறுத்தி முட்டுக் கொடுக்கிற வேலை. மைன்ஸை மூடின பிறகு பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனேன். விடியற்காலை ரயில், ராத்திரி ரயில் என்று பதினைந்து வருஷம் போனது. அந்த ரயிலைப் பற்றிச் சொன்னால் ஒரு நாள் போதாது. போகும்போது பாதிப் பேர் நின்றுகொண்டே தூங்குவார்கள். வரும்போது பொம்பளைகள் மடியில் செய்தித்தாளை விரித்து பீன்ஸ் நறுக்குவார்கள். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் போட நேரம் மிச்சம்.

அப்படி பீன்ஸ் நறுக்கினவர்களில் ஒருத்திதான் எங்கள் ஆபீஸ் லீடு, அந்த ஏழு பேருக்கும் தலைவி. அவளுடைய அப்பா என் ஷிப்டில் வேலை செய்தவர், ஊரிகம் லைனில், மைன்ஸ்காரர்கள் குடியிருப்பில் வீடு. அதனால் என்னை மாமா என்பாள். எட்டு வருஷம் அந்த ரயிலில் போய் வந்தாள். கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்தபோது, "லைன் வீட்டுல நெட்டு நிக்கல சார், எங்க ஊர்லயே ஒரு ரூம் எடுத்துக் குடுங்க" என்று பெங்களூர் ஆபீஸிடம் கேட்டு வாங்கினாள். ஊரைச் சேர்ந்த ஆறு பேரை உடன் சேர்த்துக்கொண்டாள். அதில் மூன்று பேர் பொம்பளைப் பிள்ளைகள், ரயில் ஒத்துவராமல் வேலையை விட்டிருந்தவர்கள். எனக்கும் அவள்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள்.

அவர்கள் செய்கிற வேலை என்னவென்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள். ஒரு பெரிய லாரி கம்பெனி இருக்கிறது. எந்த லாரியில் எந்தச் சரக்கு, எந்த ஊருக்கு என்று தினம் காலையில் ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுப்பது ஒரு புரோகிராம். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதினது. எழுதினவர் வெளிநாடு போய்விட்டார். பிறகு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு ஒட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அது எவ்ளோ நீளம்னு பாக்கிறீங்களா மாமா?" என்று ஒரு நாள் அதில் ஒரு பகுதியை மட்டும் தாளில் அடித்து, தாளோடு தாளை ஒட்டி, படிக்கட்டில் தொங்கவிட்டாள். இருபத்திரண்டு படியும் இறங்கி வளையல் கடை வாசலுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, யாருக்கு மால?" என்று கேட்டார். அதைப் படம் பிடித்துப் பெங்களூருக்கு அனுப்பினாள். பெரிய மேனேஜர் ஒரு சிரிப்பு பொம்மையை மட்டும் பதிலுக்கு அனுப்பினாராம்.

அந்தப் புரோகிராமில் ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் விழும். அதனால் யாரும் தொடமாட்டார்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் எல்லாவற்றையும் மூன்று மாசம் சேர்த்து வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக மாற்றுவார்கள். அதற்கு ரிலீஸ் என்று பெயர். அன்று காலை நான் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் வாங்கி வரவேண்டும். பெங்களூரிலிருந்து சின்ன மேனேஜர், அவர் கன்னடக்காரர், அதற்கென்றே காரில் வந்து கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் சுற்றுவார். எங்களுக்கும் அதில் பழக்கம் உண்டு. சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஏறுவதற்கு முன்னால் ஷாஃப்ட் வாசலில் மாரியம்மனைக் கும்பிடாதவன் யார்? ஆனால் நாங்கள் கும்பிட்டுவிட்டுக் கீழே போய்ப் பாறையைத் தட்டியும் பார்ப்போம். லீடு அதைத்தான் சொல்வாள்: "கும்பிடறது தப்பில்ல சார். டெஸ்டுக்குப் பதிலா கும்பிடறதுதான் தப்பு." சின்ன மேனேஜர் காதில் விழாதவர் மாதிரி கற்பூரத்தைச் சுற்றுவார்.

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு ரிலீஸ். பூசணிக்காய் நன்றாகத்தான் உடைந்தது. மறுநாள் ஓசூருக்குப் போகவேண்டிய சரக்கு ஹூப்ளிக்குக் கிளம்பிவிட்டது. ஒன்றல்ல, பதினோரு லாரி. பாதி வழியில் நிறுத்தித் திருப்பினார்கள்.

அடுத்த நாள் இரண்டு மேனேஜர்களும் வந்துவிட்டார்கள். பெரிய மேனேஜர் தமிழ்க்காரர், பெங்களூரிலேயே வளர்ந்தவர், சத்தம் போடாமல் பேசுவார். உட்கார்ந்ததும் சொன்னார்: "இந்த ஆபீஸ் இனி வேண்டாம். ஆயுத பூஜை வரைக்கும் இருங்க. அப்புறம் எல்லாரும் பெங்களூர் வந்துடுங்க. எங்க கண்ணு முன்னாடி உட்காருங்க. தப்பு குறையும்."

நான் டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஏழு பேர் முகத்தையும் பார்த்தேன். அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. அவள் ரயில் ஏறமாட்டாள், வேலையைத்தான் விடுவாள் என்று எனக்கே தெரியும்.

லீடு எழுந்து நின்றாள். அழவில்லை. "சார், தப்பு எங்க உக்காந்திருக்கோம்ங்கறதுல இல்ல. எப்பிடி வேல செய்றோம்ங்கறதுல கீது. எனக்கு இந்தப் பட்டியல் எடுக்கற ஒரு பகுதிய மட்டும் குடுங்க. அத புதுசா எழுதறேன். ஒவ்வொரு விதிக்கும் ஒரு டெஸ்டு எழுதி வெக்கறேன். யாரு எத மாத்தினாலும் அந்த டெஸ்டெல்லாம் தானா ஓடும். ஒடஞ்சா அந்த நிமிஷமே சொல்லும். மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி மூட்டையா அனுப்பாம, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பலாம். இது சரியா வந்தா ஆபீஸ் இங்கயே இருக்கட்டும் சார்."

"இருபது வருஷமா ஓடுதும்மா. ஓடறதை எதுக்குத் தொடணும்?" என்றார் பெரிய மேனேஜர். என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க மைன்ஸ்ல மரம் நிறுத்தினவராமே. நல்லா நிக்கிற பழைய மரத்தைப் பிடுங்கிட்டுப் புதுசு வைப்பீங்களா?"

நான், "மாட்டோம் சார். நிக்கிறத தொடக் கூடாதுங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். சின்ன மேனேஜரும் சிரித்தார். "கேட்டுக்கம்மா, அனுபவஸ்தர் சொல்றாரு."

இதை நான் ஏன் சொன்னேன் என்று சொல்லவேண்டும். மைன்ஸில் எங்களுக்கு ஒரு பழக்கம். ஷாஃப்ட் வாசலில் ஷிப்ட் பாஸ் என்ன சொன்னாலும் "எஸ் சார்" சொல்லவேண்டும். ஐந்தடிக்கு ஒரு மரம் நிறுத்து என்பார். எஸ் சார். கீழே போனால் பாறை மூன்றடிக்கு ஒன்று கேட்கும். மூன்றடிக்குத்தான் நிறுத்துவோம். அவருக்கும் அது தெரியும். மேலே சொல்வது மரியாதை, கீழே செய்வது வேலை. ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். மேனேஜர் கேட்டதும் என் வாய் தானாக எஸ் சார் சொல்லிவிட்டது. ஆனால் இந்த ஆபீஸில் கீழே என்று ஒரு இடம் கிடையாது. மேலே சொன்னதுதான் வேலை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மேனேஜர்கள் பையை எடுக்கும்போது லீடு என்னிடம் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாமா, கீழ எத்தினி வாட்டி பழைய மரத்த மாத்தியிருப்பீங்க?"

"அதுக்கு இன்னாம்மா எண்ணிக்க... வாரத்துக்கு நாலு."

"எப்பிடி மாத்துவீங்க?"

"பக்கத்துலயே புதுசு நிறுத்தி, ஆப்பு அடிச்சி, பாரம் அதுல ஏறிச்சான்னு பாத்துட்டு, அப்பறம் பழச எடுப்போம்."

"அப்பறம் இன்னாத்துக்கு அவருகிட்ட அப்பிடி சொன்னீங்க?"

அவள் என்னை விட்டுவிட்டுப் படியில் இறங்கி மேனேஜர் பின்னால் ஓடினாள். நானும் பின்னால் போனேன். வளையல் கடை வாசலில், காரை மறித்து நின்றுகொண்டாள்.

"சார், பழச தொடல. அது பாட்டுக்கு ஓடட்டும். பக்கத்துல புதுச ஓட்டறேன். தினம் ரெண்டும் ரெண்டு பட்டியல் குடுக்கும். ஆயுத பூஜ வரைக்கும் ஒண்ணா இருந்தா ஒத்துக்குவீங்களா?"

"ஒண்ணா இருக்குன்னு யாரு சொல்றது? உன் டெஸ்டா? பரீட்சை எழுதறவளே மார்க் போட்டுக்கறதா?"

"நீங்களே ஒரு ஆள சொல்லுங்க சார். அவரு பாத்து சொல்லட்டும்."

பெரிய மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். கிண்டலாகத்தான் காட்டினார். "இவர் பார்க்கட்டும். இவருக்கு உங்க வேலை தெரியாது, படிக்கவும் தெரியாது. ரெண்டு தாளும் ஒண்ணுதான்னு இவர் கையெழுத்துப் போட்டா நான் நம்பறேன்." சின்ன மேனேஜர், "சும்னே டைம் வேஸ்ட்", வீண் வேலை என்று கார் கதவைச் சாத்தினார்.

அந்தக் காலத்தில் மைன்ஸில் எங்களுக்குப் பெயரே கிடையாது, நம்பர்தான். சம்பளமும் நம்பருக்கு, ஆஸ்பத்திரியும் நம்பருக்கு. அதனால் எழுத்து வராதவனுக்கும் நம்பர் வரும். லாரி நம்பரில் முன்னால் வருகிற இங்கிலீஷ் எழுத்துக்களை உருவம் வைத்துத் தெரிந்துகொண்டேன். கர்நாடகத்துக்கு ஒரு உருவம், தமிழ்நாட்டுக்கு ஒரு உருவம், ஆந்திராவுக்கு ஒரு உருவம். ஊர்ப் பெயர்களையும் அப்படியே. பெங்களூர் நீளம், கோலார் குட்டை. லீடு புதிதை எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு தினம் காலையில் இரண்டு பட்டியல் என் முன்னால் வரும். பழைய புரோகிராமின் தாளில் மூலையில் ஒரு பொட்டு வைத்திருப்பாள், எது எதுவென்று எனக்குத் தெரிவதற்காக. ஸ்டேஷனரி கடையில் ஒரு சிவப்புப் பென்சில் வாங்கினேன். இடது கை விரல் பழையதில், வலது கை புதியதில். ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு டிக் போடுவேன். முடித்து இரண்டிலும் கையெழுத்துப் போடுவேன்.

பிள்ளைகள் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டம் வைத்தார்கள். "இன்ஸ்பெக்டரு, டீ எங்க?" "கொஞ்சம் இருங்கடா, கேஸு நடக்குது" என்பேன்.

முதலில் எல்லாம் ஒன்றாகவே வந்தது. பிறகு பண்டிகைச் சரக்கு கூடி, ஒரு செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு பட்டியலும் இரண்டு தாள் வந்தது. பாதியில் என் இரண்டு விரலும் வேறு வேறு லாரி மேல் நின்றன. திரும்ப மேலிருந்து வந்தேன். மறுபடியும் அதே இடம். புதிய பட்டியலில் ஒரு லாரி இருக்கிறது, பழையதில் அது இல்லை. புதிய புரோகிராம் இல்லாத லாரியைப் பிறப்பித்துவிட்டது என்றுதானே நினைப்பேன்? ஆயுத பூஜைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

கைக்குழந்தைக்காரி என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டாள். "தாத்தா, ஒண்ணுதானே. டிக் போட்டுடுங்க. யாருக்குத் தெரியும்?"

மனசு அதைத்தான் கேட்டது. அன்று மேனேஜர் முன்னால் லீடைக் கைவிட்டதற்கு நான் பட்ட கடன், ஒரு டிக் போட்டால் தீர்ந்துவிடும் போலிருந்தது. ஆனால் அதுவும் ஷாஃப்ட் வாசலில் சொல்கிற எஸ் சார்தானே? முதல் தடவை மேனேஜருக்குச் சொன்னேன், இப்போது இந்தப் பிள்ளைக்குச் சொல்வதா? புது மரத்தில் பாரம் ஏறாமலே ஏறிவிட்டது என்று சொன்னவனும் உண்டு எங்கள் ஷிப்டில். அவனோடு கீழே இருந்த இரண்டு பேர் மேலே வரவில்லை. நான் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டேன். பென்சில் முனை உடைகிற மாதிரி அழுத்திப் போட்டேன். எடுத்துக்கொண்டு போய் லீடு மேஜையில் வைத்தேன்.

பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "சரி மாமா" என்றாள். அன்று முழுக்கத் தன் புரோகிராமில் தப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை. மறுநாள் பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு மறுநாள் மறுபடி ஒரு லாரி அதிகம்.

நான் பழைய தாள்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை ஒன்றும் இல்லாத நேரம். பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. ஒரே தாளில் முடிகிற நாளில் தகராறு இல்லை. இரண்டாம் தாள் வருகிற நாளில்தான் தகராறு. ஒரு தாளில் முப்பது வரி. வட்டம் போட்ட லாரி இரண்டு தடவையும் புதிய பட்டியலில் இரண்டாம் தாளின் முதல் வரி.

"ம்மா, இங்க வா. முப்பத்தொண்ணாவது லாரிக்குத்தான் எப்பவும் கண்டம் வருது."

அவள் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தன் புரோகிராமைத் தள்ளிவிட்டுப் பழையதைத் திறந்தாள். திடீரென்று மேஜையில் ஓங்கி ஒரு அடி. "மாமா! என்னுது சரி! பழசு முழுங்குது மாமா! பக்கம் மாறும்போது ஒரு லாரிய முழுங்கிட்டு மேல போவுது!"

மற்ற ஆறு பேரும் ஓடி வந்தார்கள். கீழேயிருந்து வளையல் கடைக்காரர், "இன்னா, மாடி இடிஞ்சிடுச்சா?" என்று கத்தினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேனேஜர்கள் வந்தார்கள். சாமான் ஏற்ற வண்டிக்குச் சொல்லிவிட்டே வந்திருந்தார்கள். லீடு என் தாள்களை எல்லாம் மேஜையில் அடுக்கினாள். பெரிய மேனேஜர் புரட்டிக்கொண்டே வந்து சிவப்பு வட்டத்தில் நின்றார்.

"இது என்ன பெரியவரே? ஒண்ணா இல்லையே?"

"இல்லீங்க சார். பழசு ஒரு லாரிய வுட்டுடுது" என்றேன். பிறகு, கேட்காமலே, இதையும் சொன்னேன்: "சார், அன்னிக்கி மரத்தப் பத்தி நான் சொன்னது பொய்ங்க. நீங்க பெரியவங்கன்னு சொல்லிட்டேன். நாங்க மாத்தாத மரமே கிடையாது. ஷிப்ட நிறுத்தாமயே மாத்துவோம். மாத்தாம இருந்தா நான் இன்னிக்கு உங்களுக்கு டீ குடுத்துக்கினு இருக்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு லாரி போனா அவங்க சும்மா இருப்பாங்களா? இத்தனை வருஷத்துல ஒரு புகார் கூட வரலையே" என்றார். நம்பவில்லை. செல்போனை எடுத்து லாரிகள் கிளம்புகிற இடத்தில், லாரி கம்பெனி யார்டில், பட்டியல் வாங்குகிற ஆளைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தார்.

"ஏம்ப்பா, பட்டியல்ல ஒரு லாரி விட்டுப்போகுதா?"

"ஆமா சார். ரெண்டாவது பேப்பர் வந்தாலே ஒண்ணு போயிடும். அது எப்பவுமே அப்படித்தான். நாங்க பேனாவால எழுதிக்குவோம்."

"எப்பவுமேன்னா?"

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. பத்து வருஷம் இருக்கும்."

"பத்து வருஷமா ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னா சரி பண்றேன்னு எதையாவது தொடுவீங்க சார். வேற எதுனா புட்டுக்கும். இது ஒரு லாரிதானேன்னு விட்டுட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

பெரிய மேனேஜர் போனை வைத்துவிட்டு மறுபடி சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். லீடு வாயே திறக்கவில்லை. அதுதான் கெட்டிக்காரத்தனம். சின்ன மேனேஜர்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நம்மகிட்ட சொல்ல பயந்து பேனா வாங்கி வெச்சிருக்காங்க சார்!" என்றார். பெரிய மேனேஜரும் சிரித்துவிட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாள் வேணும்மா, மொத்தத்தையும் மாத்த?"

"ஒரு வருஷம் சார். பகுதி பகுதியா. ஒவ்வொண்ணும் பழசு பக்கத்துலயே ஓடும். டெஸ்டு இல்லாம ஒரு வரி உள்ள போகாது."

"பெங்களூர் டீமுக்கும் இதைச் சொல்லிக் குடுக்கணும். யாரு போவீங்க?"

"அவங்கள இங்க அனுப்புங்க சார்" என்றாள் லீடு. "ரயில் கீது. நாங்க வந்தோமே."

மறுபடி சிரிப்பு. வண்டிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றது சின்ன மேனேஜர்தான். கைக்குழந்தைக்காரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், விடவே இல்லை. நான் டீ வாங்கவும் போகவில்லை. அன்றைக்கு டீ வாங்கி வந்தவர் வளையல் கடைக்காரர்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய பட்டியலை யார்டுக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. சாதாரண புதன்கிழமை, காலை பதினொரு மணி. பஜாரில் கூட்டம், கீழே வளையல் பேரம். பெரிய மேனேஜர் பெங்களூரிலிருந்து போனில் காத்திருந்தார், குரலில் பயம் போகவில்லை. லீடு ஒரு பட்டனை அழுத்தினாள். டெஸ்டெல்லாம் ஓடி, திரையில் வரிசையாகப் பச்சை விழுந்தது. எனக்கே எண்ண முடிந்தது, ஒரு சிவப்பு கூட இல்லை.

நாலைந்து நிமிஷம் கழித்து மேனேஜர் கேட்டார்: "என்னம்மா, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

"முடிஞ்சிடுச்சி சார்."

"என்னது?"

"முடிஞ்சிடுச்சி. யார்டுல ரெண்டாவது தாள் கூட வாங்கிட்டாங்க. முப்பத்தொண்ணாவது லாரி யார்டு கேட்டத் தாண்டிப் போய்க்கினு கீதாம்."